மட்டி வாய் மூடும் நேரம்

முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, டீக்கடையில் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். கால்வாய்க் கரையோரம் இருபது வருடமாக சைக்கிள் கடை வைத்திருப்பவர். தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் அவரைப்போல நாள் தவறாமல் பார்க்கிறவர் எங்கள் பகுதியில் வேறு யாரும் இல்லை.

"மீனெல்லாம் செத்து மிதக்குது தம்பி. போன வருஷமும் முதல் மழைக்கு இதே கதைதான். நாலு நாள் கழிச்சு ஒருத்தர் வந்து பாட்டில்ல தண்ணி மொண்டுட்டுப் போனாரு. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குன்னுட்டாங்க. அப்போ மீன் செத்தது பொய்யா?"

பொய் இல்லை. பாட்டிலும் பொய் சொல்லியிருக்காது. மீனைக் கொன்ற தண்ணீர் அந்த நாலு நாளில் கடலுக்குப் போய்விட்டது. பாட்டிலுக்குள் போனது அதன் பிறகு வந்த வேறு தண்ணீர். இதை விளக்கத் தொடங்கி, இரண்டு டீ முடிந்தும் பேச்சு முடியவில்லை. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாதக்கணக்கில் மழையில்லாமல் கிடந்த சாலையில் என்னென்ன படிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டிகள் சிந்திய ஆயில், பிரேக் கட்டை தேய்ந்த தூள், டயர் தேய்ந்த தூள், மாட்டுச் சாணம், குப்பைத்தொட்டி அடியில் ஊறிய சாறு, பட்டறை வாசலில் கொட்டிய கழிவெண்ணெய், கொசு மருந்து. முதல் மழையின் முதல் அரைமணி நேரம் இதில் பெரும்பங்கை வழித்துக்கொண்டு வடிகாலில் இறங்குகிறது. பிறகு எவ்வளவு பெய்தாலும் வருகிற தண்ணீர் அத்தனை மோசமாக இருப்பதில்லை. அரிசி களையும்போது முதல் கழுநீர் எப்படி இருக்கும், மூன்றாவது எப்படி இருக்கும் என்று வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். வடிகாலின் முதல் கழுநீரைப் பிடிக்க வேண்டுமென்றால் மழை தொடங்கும்போதே அங்கே இருக்க வேண்டும். அது நள்ளிரவு இரண்டு மணியாக இருக்கலாம்.

சரியான நேரத்தில் பிடித்துவிட்டாலும் அடுத்த சிக்கல் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று சொல்லும் பழைய அளவுகோல் பி.ஓ.டி. அந்தக் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்ற கணக்கு அது. பல நாடுகளில் தண்ணீரை 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டின் வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள். முடிவு வரும்போது தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. உலோகத்துக்கு வேறு சோதனை, பூச்சிமருந்துக்கு வேறு சோதனை. எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் கருவி தேடும். பத்துப் பொருள்களின் பட்டியலைக் கொடுத்தால், பதினோராவதாக ஒன்று மீனைக் கொன்றிருந்தாலும் 'அளவுக்குள் இருக்கிறது' என்றுதான் அறிக்கை வரும்.

தண்ணீருக்குள்ளேயே இறக்கி வைக்கிற சென்சார்கள் உண்டு. அமிலத்தன்மை, உப்பு, கலங்கல், கரைந்த ஆக்சிஜன் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும். அவை அவசியம் வேண்டும். ஆனால் மீனைக் கொல்லப் போதுமான பூச்சிமருந்து கலந்த பிறகும் இந்த நான்கு எண்களும் அசையாமல் நிற்கக்கூடும்.

"அப்போ வேற என்னதான் வழி?" என்றார் அண்ணன். அவருக்கு வார்சா நகரத்து மட்டிகளைப் பற்றிச் சொன்னேன்.

போலந்தின் தலைநகரான வார்சாவில் விஸ்துலா ஆற்றின் நடுவே வட்டமான ஒரு கட்டடம் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'குண்டுக் காஷ்கா' என்கிறார்கள். ஆற்றுப் படுகைக்கு அடியிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் கிணறு அது. அப்படி எடுக்கும் தண்ணீரில் எந்நேரமும் காவல் இருப்பவை எட்டு மட்டிகள். நம் குளங்களிலும் கண்மாய்களிலும் சேற்றில் புதைந்து கிடக்குமே, அதே மாதிரியான நன்னீர் மட்டி. ஓட்டில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, எதிரே ஒரு சென்சாரை வைத்திருக்கிறார்கள். ஓடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கணினியில் கோடாக ஓடிக்கொண்டே இருக்கும்.

மட்டி தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலிருக்கும் நுண்ணிய உணவை வடிகட்டிவிட்டு வெளியே விடும். இப்படி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் அதன் செவுள் வழியாகப் போகிறது. அதனால் சாதாரணமாக அது வாயைத் திறந்தே வைத்திருக்கும். தண்ணீரில் தனக்கு ஆகாதது ஏதாவது வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான். ஒரு மட்டி மூடினால் அது ஓய்வெடுக்கலாம். இரண்டு மூடினால் எதற்காகவோ மிரண்டிருக்கலாம். நான்கு ஒன்றாக மூடினால் எச்சரிக்கை மணி அடித்து, தண்ணீர் எடுப்பது நிறுத்தப்படும். எதற்கு எட்டு என்று கேட்ட அண்ணனுக்கு இதுதான் பதில்: ஒருவன் சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. மட்டிகளைச் சுத்தமான ஏரிகளிலிருந்து கொண்டுவந்து, இரண்டு வாரம் போலப் புதுத் தண்ணீருக்குப் பழக்குகிறார்கள். ஒவ்வொன்றும் எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும் என்று அதனதன் சுபாவத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். சுமார் மூன்று மாதம் வேலை. அதற்கு மேல் வைத்திருந்தால் அந்தத் தண்ணீருக்கே பழகி, கூர்மை மழுங்கிவிடும். ஆகவே ஓட்டில் ஒரு அடையாளம் இட்டு, எடுத்த ஏரியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அதே மட்டி கைக்கு வந்தால், அடையாளத்தைப் பார்த்துத் திரும்ப விட்டுவிடலாம்.

இங்கே மட்டி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஏதோ சரியில்லை' என்று மட்டுமே அது சொல்லும். ஈயமா, பூச்சிமருந்தா, எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஆய்வுக்கூடக் கருவி நேர் எதிர்: பெயரைச் சொல்லும், அளவைச் சொல்லும், ஆனால் கேட்டால்தான் சொல்லும், கேட்டதற்கு மட்டும்தான் சொல்லும். இரண்டையும் கட்டிப்போடுவதில்தான் பலன் இருக்கிறது. மட்டி மூடிய அந்த நொடியே ஒரு தானியங்கிக் கருவி பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக் குளிரில் வைத்துவிடும். பிறகு வேதியியலாளர் ஆற அமர நாலு நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவர் கையில் இருப்பது மீனைக் கொன்ற அதே தண்ணீர்.

இப்படியொரு காவல் தேவை என்று ஐரோப்பா அழுத்தமாக உணர்ந்தது ஒரு பேரழிவுக்குப் பிறகு. 1986 நவம்பர் 1ஆம் தேதி அதிகாலை, சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்துக்குப் பக்கத்தில் சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே 1,300 டன்னுக்கு மேல் பூச்சிமருந்தும் பிற ரசாயனங்களும். தீயை அணைக்க லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அந்தத் தண்ணீர் மருந்தையெல்லாம் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. கிடங்கில் இருந்த சாயத்தால் ஆறு சிவந்தது. பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு மீன்கள் செத்தன. விலாங்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். மழையே இல்லாமல் ஒரே இரவில் உண்டான மழைவெள்ளம் என்று அதைச் சொல்லலாம். கூரையிலும் தரையிலும் இருந்ததைக் கழுவி, தடுப்பார் இல்லாமல் ஆற்றில் சேர்த்தது.

அதன் பிறகு ரைன் நெடுகக் கண்காணிப்பு நிலையங்களில் வேதிக் கருவிகளோடு உயிர்களையும் அமர்த்தினார்கள். சில இடங்களில் மட்டி. சில இடங்களில் நீர்த்தெள்ளு. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கடுகை விடச் சிறியதாகத் துள்ளிக்கொண்டிருக்குமே, அது. சிறு கண்ணாடி அறைக்குள் சிலவற்றை விட்டு, ஆற்றுத் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டு, கேமரா அவற்றின் நீச்சலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேகம் கூடுகிறதா, சுற்றிச் சுற்றி வருகிறதா, அடியில் போய் அடங்குகிறதா என்று கணினி கணக்கிடும். நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்துக்கு நீர்த்தெள்ளு மிக விரைவில் தடுமாறும். அதுவும் ஒருவகைப் பூச்சிக்கு உறவுதானே.

மழைநீருக்கும் உயிர்க் காவலுக்கும் உள்ள தொடர்பை நான் முழுதாகப் புரிந்துகொண்டது, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துச் சால்மன் மீன்களின் கதையில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கோஹோ சால்மன் ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஓடையையே தேடி வரும். சியாட்டிலில் நகரம் பெருகியதில் ஓடைகள் பாழாகி மீன் வரவு நின்றுபோயிருந்தது. ஊர்க்காரர்கள் லாங்ஃபெலோ ஓடையைப் போன்றவற்றைத் தூர்வாரி, கரையில் மரம் நட்டு, உயிர்கொடுத்தார்கள். மீன்கள் திரும்பின. ஆனால் மழை பெய்தவுடன், வந்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வட்டமடித்து, சமநிலை தவறி, சில மணி நேரத்தில் மல்லாந்து மிதந்தன. பெட்டை மீன்களை அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய முட்டை. அத்தனை தூரம் வந்து, இடாமலே செத்திருந்தன. 1990களின் கடைசியிலிருந்து ஆண்டுதோறும் இது நடந்தது. சில ஓடைகளில் வந்த மீன்களில் பாதிக்குப் பாதி, சில ஆண்டுகளில் 90 சதவீதம் வரை.

வெப்பமா, ஆக்சிஜன் குறைவா, நோயா, பூச்சிமருந்தா? ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். சாலைக் கழுநீரில் வழக்கமாக இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்க் கழிவுகளையும் ஆய்வுக்கூடத்தில் கலந்து மீன்களை அதில் விட்டார்கள். மீன்கள் சாகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த உண்மையான மழைநீரில் விட்டார்கள். செத்தன. அதாவது, பட்டியலில் இருந்த எல்லாம் சேர்ந்தும் கொலையாளி இல்லை. பட்டியலில் பெயரே இல்லாத ஒன்று தண்ணீரில் இருந்தது. அண்ணனின் கால்வாய்க்கு வந்த அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் டயர் மேல் விழுந்தது. டயரைச் சீவித் துருவித் தண்ணீரில் ஊறவைத்தார்கள். அந்தத் தண்ணீரும் மீனைக் கொன்றது. ஆனால் அதில் சுமார் 2,000 ரசாயனங்கள். எது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோலோட்ஸி, ட்சென்யு தியென், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கிண்டயர் ஆகியோரின் குழு செய்தது இதுதான். ஊறல் நீரை வேதிமுறையில் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். கொல்லாத பகுதியை ஒதுக்கினார்கள். கொன்ற பகுதியை மறுபடி பிரித்தார்கள். எந்தத் திசையில் தேடுவது என்று கடைசிவரை காட்டியது மீன்தான். இறுதியில் ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள்.

ரப்பர் வெடிக்காமல் இருக்க டயரில் 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தின்னாதபடி, தானே முன்வந்து ஓசோனோடு வினைபுரியும் பொருள். அந்த வினையில் பிறப்பது 6பிபிடி-குயினோன். அதுதான் கொலையாளி. 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். எவ்வளவு இருந்தால் மீன் சாகும் என்று பிறகு துல்லியமாக அளந்தார்கள். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவில் பாதி மீன் செத்துவிடும். நம் ஊரில் பத்து லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி பார்த்திருப்பீர்கள். அது நிறையக் கலக்க, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். சாம்பாருக்குக் கிள்ளிப் போடும் ஒரு சிட்டிகை உப்பு இதைவிட அதிகம். 6பிபிடி உலகெங்கும் டயர்களில் சேர்க்கப்படுவது. நம் சாலைகளிலும் அது தேய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அதே ஓடையில், அதே தண்ணீரில், கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மனை விட்டால் ஒன்றும் ஆவதில்லை. சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கிறது. சோதனைக்குச் சம் சால்மனை எடுத்திருந்தால் 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று முடித்திருப்பார்கள். ஆகவே உயிரைக் காவலுக்கு வைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு உயிரும் தனக்கு வலிப்பதைத்தான் சொல்லும். மட்டி, நீர்த்தெள்ளு, மீன், பாசி என்று வேறு வேறு உயிர்களை அருகருகே வைப்பது இதனால்தான்.

அண்ணன் இரண்டாவது டீயைச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஆறு. நம்ம வடிகால்ல மட்டியை வச்சா ஒரு நாள் தாங்குமா?" என்றார்.

தாங்காது. மழைநீர் வடிகாலின் இயல்பே அது. ஒன்பது மாதம் ஓட்டமில்லாமல் கிடக்கும். பெய்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு ஓடும். சேறும் பிளாஸ்டிக்கும் வந்து கேமராவை மூடும். மழை வந்தாலே தண்ணீரின் குளிர்ச்சியும் கலங்கலும் மாறும். அதற்கே மட்டி வாயை மூடிக்கொள்ளக்கூடும். எது மழை, எது விஷம் என்று பிரிப்பது கடினம். எப்போதும் கழிவு கலந்து ஓடும் தண்ணீரில் இறக்கினால் மூடிய வாயைத் திறக்கவே திறக்காது. சுத்தமாக இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் மட்டி பொருத்தமான காவல்: குடிநீருக்கு எடுக்கும் ஏரி, ஆற்றின் மேல்பகுதி. வடிகாலுக்கு வேறு உயிர் வேண்டும்.

அந்த வேறு உயிர் பாக்டீரியா. நாம் சாப்பாட்டிலிருந்து சக்தியை எடுக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரான்களைக் கடைசியில் மூச்சில் இழுத்த ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த எலக்ட்ரான்களை உடம்புக்கு வெளியே இருக்கும் இரும்பு, மாங்கனீசுத் துருவிடம் தள்ளிவிடுகின்றன. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரிச் சேற்றில் கென்னத் நீல்சன் கண்டெடுத்து 1988இல் உலகுக்குச் சொன்ன ஷிவனெல்லா இந்த இனம்தான். துருவுக்குப் பதிலாக ஒரு கரிமின்முனையை வைத்தால் எலக்ட்ரானை அதில் தள்ளும். எலக்ட்ரான் ஓடினால் அது மின்சாரம். தீனி, அதாவது கழிவு, அதிகம் கிடைத்தால் மின்சாரம் கூடும். விஷம் வந்தால் பாக்டீரியா சுருண்டு, மின்சாரம் விழும். கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் பார்த்தே தண்ணீரின் நிலையைப் படிக்கலாம். தென் கொரியாவில் கிம் பியுங்-ஹோங் குழுவினர் இந்த முறையில் செய்த பி.ஓ.டி. சென்சார் ஐந்தாண்டுக்கு மேல் ஓடியது என்று 2003இல் எழுதினார்கள். மூன்று நாளும் ஐந்து நாளும் காத்திருந்த கணக்கு, அன்றைக்கே கையில் கிடைக்கிறது.

ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்தி, குறிப்பிட்ட ஒரு ரசாயனம் வந்தால் மட்டும் மின்சாரப் பாதை திறக்கும்படி செய்தார்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் ஷிவனெல்லாவின் எலக்ட்ரான் பாதையைப் பொருத்தி, தயோசல்பேட் என்னும் உப்பை நகர நீர்நிலைகளின் தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்தது. இங்கே உயிர் 'ஏதோ சரியில்லை' என்பதைத் தாண்டி, 'இதுதான் வந்திருக்கிறது' என்று பெயர் சொல்லத் தொடங்குகிறது. திருத்திய நுண்ணுயிர் ஆற்றில் கலந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. கூழ்போன்ற ஒரு பொருளுக்குள் அதை அடைத்து வைத்துத்தான் சோதித்தார்கள். தெருவோர வடிகாலுக்கு இது வர இன்னும் காலம் ஆகும். திருத்தாத, சேற்றில் தானாக வளரும் பாக்டீரியாவுக்கு அந்தக் கவலை இல்லை. கழிவில் வாழ்வதுதான் அதன் இயல்பு.

காவல் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை நாமே பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னையின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். படகிலும் வலையிலும் பிசுபிசுத்தது. கூழைக்கடாக்களின் இறகில் அப்பிக்கொண்டது. அன்றைக்கு அங்கே சென்சாராக இருந்தது மீனவர்களின் தோலும் பறவைகளின் இறகும். எண்ணெய் வந்த வழியான பக்கிங்ஹாம் கால்வாய் எண்ணூரைத் தொடுவதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை மணி அடித்திருந்தால், மிதவைத் தடுப்புகளைக் கட்ட சில மணி நேரமாவது கிடைத்திருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு எண்ணெயை வாளியில் மொண்டு எடுத்தவர்களும் அதே மீனவர்கள்தான். அந்தப் படங்களை என்னால் இன்னும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

காவல் வைத்துக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்றும் அண்ணன் கேட்டார். சியாட்டில்காரர்களிடம் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. மீனைக் கொன்ற அதே நெடுஞ்சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடியவிட்டு, அதில் கோஹோவை விட்டார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. விஷத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே நடந்த சோதனை இது. சாலையோரம் நேராகக் கான்கிரீட் வடிகாலில் இறங்கும் தண்ணீருக்கு, நடுவில் சில அடி மண்ணைக் காட்டினால் போதும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நாம் வடிகால் என்றாலே அடியும் பக்கமும் சிமென்ட் பூசுவதை நினைக்கும்போது அந்த ஆறுதல் குறைகிறது.

"சரி, நம்ம கால்வாய்க்கு வருவோம்" என்றார் அண்ணன். "அந்தக் கரண்டு விடுற பூச்சியை இங்க வடிகால்ல வச்சா என்ன தெரியும்?"

அங்கேதான் அது மட்டியை விடக் கெட்டிக்காரக் காவல் என்றேன். மழைநீர் வடிகாலில் மழை இல்லாத நாளில் எதுவும் ஓடக் கூடாது. அடியில் தேங்கிய ஈரச் சேற்றில் மின்முனையைப் புதைத்து வைத்தால், வெயில் நாளில் மின்சாரம் தாழ்ந்தே கிடக்கும். திடீரென்று எகிறினால் யாரோ கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். திடீரென்று செத்து விழுந்தால் கழிவைவிட மோசமான எதையோ கொட்டியிருக்கிறார்கள். முதல் மழைக்கு மீனைக் கொல்வதில் ஒரு பங்கு, மாதக்கணக்கில் இப்படி அடியில் சேர்ந்ததுதான்.

"எந்த நேரத்துல கொட்டுனாங்கன்னு தெரியுமா?"

"கிட்டத்தட்ட எத்தனை மணின்னு தெரியும்ணே."

அவர் டம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுக் கால்வாய்ப் பக்கம் பார்த்தார். "ரெண்டு மணிக்கு ஒரு டேங்கர் லாரி வரும். வாரத்துல ரெண்டு நாள். லைட்டை அணைச்சுட்டு நிப்பாட்டுவான்" என்றார். "நான் சொன்னா யாரும் கேட்கல. அது சொல்லட்டும்."